நம் கதைகளில் அப்பா ஏன் எப்போதும் குடிக்கிறார்?

பீடோங் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை இடைநிலைப் பள்ளியின் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களோடு உட்கார்ந்து கதை வாசிக்கிறோம். போன கூட்டத்தில் ரப்பர்த் தோட்டப் பின்னணியில் எழுதப்பட்ட சிறுகதைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். மூன்றாவது கதை முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நம்ம கதைகள்ல அப்பா ஏன் எப்பவும் குடிச்சிட்டே இருக்காரு? ஸ்கூல்ல மத்தவங்க நம்மளப் பத்திச் சொல்றதைத்தானே இவங்களும் எழுதுறாங்க?"

காலனி ஆட்சிக்குப் பின் எழுந்த புனைகதை, வெள்ளைக்காரர்கள் நம்மைப் பற்றி வரைந்துவைத்த படத்தைக் கிழித்துப் போட்டது என்று நான் வகுப்பில் சொல்லிவருகிறேன். அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது போதவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அடங்கிப் போகிறவன், குடிகாரன், நாளையைப் பற்றி யோசிக்காதவன்: தோட்டத்துத் தமிழனைப் பற்றித் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்கள் சொன்னது இவ்வளவுதான். நம் கதைகளில் பாதி அங்கேயேதான் நிற்கின்றனவா? அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

பால்மரத்தான்:

டீச்சர், நான் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, பிழைத்தவன். அப்புறம் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள், அதிலும் வேலை பார்த்தேன். அந்தப் பிள்ளையிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: குடி உண்மை. சம்பளம் போட்ட அன்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியும், எந்த வீட்டில் எரியாது என்று எங்களுக்குத் தெரியும். அதை எழுதியவன் பொய் எழுதவில்லை.

ஆனால் எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்கு உள்ளேயே இருந்தது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையைப் பிடித்து, கிண்ணம் போன்ற மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைத் தூக்கி ஸ்டோரில் எடை போட்டுவிட்டுத் திரும்புகிற மனிதன் வழியில் பார்ப்பது அந்தக் கடையைத்தான். டவுனுக்குப் போக பஸ் இல்லை. ஒரு மருந்து வாங்க வேண்டுமென்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் மனம் வைக்க வேண்டும். கள்ளுக்கு மட்டும் யார் தயவும் தேவையில்லை. கதையில் அப்பா தள்ளாடி வருகிறார், அம்மா அழுகிறார், பிள்ளை மூலையில் ஒடுங்குகிறது. கடையை அங்கே வைத்தது யார் என்று எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை.

மூடா நதி:

ஐயா சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன்.

டீச்சர், உங்கள் ஊர்க் கதையையே அந்த மாணவிக்குச் சொல்லலாம். 1947இல் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் தொண்டர் படை என்று தொழிலாளர்களே ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் கையில் எடுத்த முதல் பிரச்சினைகளில் ஒன்று கள்ளுக்கடை. கடையை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். போலீஸ் வந்தது, மோதல் நடந்தது, கைதுகள் நடந்தன. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களின் தாக்கம் அதில் இருந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 1941இல் சிலாங்கூர் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளையும் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும். ராணுவத்தை இறக்கித்தான் அதை அடக்க முடிந்தது.

கடையை மூடு என்று கேட்டவர்கள் தொழிலாளர்கள். உரிமம் கொடுத்தது அரசு. அப்படியிருந்தும் "குடிகாரத் தமிழன்" என்ற பேர் மட்டும் தொழிலாளி தலையில் நின்றுவிட்டது.

இன்னொன்று. ஆப்பிரிக்க நாவலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே இபாடானில் கல்லூரி மாணவராக இருந்தபோது, நைஜீரியாவைப் பற்றி வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய நாவலைப் பாடமாக வைத்தார்கள். அதில் வந்த நைஜீரியனைப் பார்த்து மாணவர்கள் கொதித்தார்கள். 'இது நாங்கள் இல்லை' என்ற அந்தக் கோபம் அச்செபேயை எழுத வைத்த காரணங்களில் ஒன்று. 1958இல் அவருடைய முதல் நாவல் வந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது.

கோபத்தில் எழுதியவர் தம் மக்களை உத்தமர்களாகக் காட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அந்த நாவலில் கதாநாயகனின் அப்பா யார் தெரியுமா? உனோக்கா. சோம்பேறி. ஊரெல்லாம் கடன். கையில் காசு வந்தால் பனங்கள் வாங்கி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் குடிப்பவர். வெள்ளைக்காரன் சொன்ன ஆப்பிரிக்கனேதான்! ஆனால் அவர் புல்லாங்குழல் வாசிப்பார். மழைக்காலம் முடிந்து பருந்துகள் திரும்பி வரும் நாட்களை நேசிப்பார். கடன் கேட்டு வந்த சிநேகிதருக்குச் சுவரில் சுண்ணாம்பால் போட்ட கோடுகளைக் காட்டி, பெரிய கடன்களைத்தான் முதலில் அடைப்பேன் என்று சிரிப்பார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டு வளர்ந்த மகன் ஒக்கொன்குவோ உழைப்பாளி, வீரன். மனைவியை அடிக்கிறவனும் அவன்தான். தன்னை அப்பா என்று கூப்பிட்ட சிறுவனைத் தன் கையாலேயே வெட்டுகிறவனும் அவன்தான், பயந்தவன் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக.

கடைசிப் பக்கத்தில் மாவட்ட ஆணையர் வருகிறார். தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த ஆளுக்கு ஓர் அத்தியாயம் தரலாமா என்று யோசிக்கிறார், அப்புறம் ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். நாம் அந்த மனிதனின் முழு வாழ்க்கையையும் படித்துவிட்டு அந்த இடத்துக்கு வருகிறோம். எனக்கு அந்தப் பக்கத்தில் உடம்பு சுட்டது. குடிக்கிற அப்பா கதையில் வருவதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் ஒரு பத்தி அளவுக்குத்தான் வருகிறாரா, அவருக்கு ஒரு புல்லாங்குழல் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

செம்பனைக்காடு:

அக்கா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் எனக்கு வேறு கவலை.

நான் கூலிமில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்கள் நல்லவர்கள். ஆனால் தமிழ்ப் பையன் என்றால் குண்டர் கும்பல், தமிழ் அப்பா என்றால் சம்சு சாராயப் போத்தல் என்ற படம் அவர்கள் மனத்திலும் இருக்கிறது. என் தாத்தா காலத்துக் கள் போய் அப்பா காலத்தில் சம்சு வந்தது, எங்கள் காலத்தில் பாராங் கத்தி வந்திருக்கிறது. படம் மட்டும் அதேதான். தமிழில் எவ்வளவு நல்ல நாவல் வந்தாலும் அந்த நண்பர்கள் படிக்கப் போவதில்லையே. தவறான எண்ணம் இருப்பது அங்கே, திருத்தும் புத்தகம் இருப்பது இங்கே. இந்த நாட்டில் மலாயில் எழுதினால்தான் தேசிய இலக்கியம். தமிழில் எழுதியதும் ஆங்கிலத்தில் எழுதியதும் அந்தந்தப் பிரிவினரின் இலக்கியம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நம் எழுத்தாளர்கள் யாரிடம் வாதாடுகிறார்கள்?

மூடா நதி:

தம்பி, முதல் வாசகர் அந்த மாணவிதான் என்று நினைக்கிறேன். வெளியார் சொல்லும் பொய்யை விட, அதை நாமே நம்பிவிடுவது மோசம். மலேசியச் சமூகவியலாளர் சையது ஹுசேன் அலாதாஸ் 1977இல் 'சோம்பேறி சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்ற பேச்சு எப்படிப் பிறந்தது என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். மலாய்க்காரர் தம் வயலில் உழைத்தார், கடலுக்குப் போனார். துரையின் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தார். அதனால் சோம்பேறி. தமிழர் வந்தார், திரும்பிப் போக வழி இல்லாமல் இருந்தார். அதனால் சாது, அடங்கியவர். இரண்டு பெயரும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை: தோட்டத்துக்கு எவ்வளவு லாபம் என்ற கணக்கு. அதைவிட எனக்கு வலித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு மலாய்த் தலைவர்களே தம் மக்களைப் பற்றி அதே பேச்சைப் பேசினார்கள் என்று அவர் எடுத்துக் காட்டுவதுதான். நம் மேடைகளிலும் அதுதானே நடக்கிறது? "நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க" என்று சொல்லாத தலைவர் உண்டா?

நம் கெடாவிலேயே, சிக் பக்கத்து நெல் வயல்களை வைத்து ஷானோன் அகமது 1966இல் எழுதிய மலாய் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். லாஹூமா, ஜேஹா, அவர்களின் ஏழு பெண் பிள்ளைகள். காலில் முள் குத்தி லாஹூமா சாகிறார். நண்டுக் கூட்டமும் குருவிக் கூட்டமும் பயிரை அழிக்கின்றன. ஜேஹாவின் மனம் பேதலிக்கிறது. அந்தக் குடும்பத்தின் உழைப்பைப் படித்த பிறகு யாராவது மலாய்க்காரர் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? நான் அதைப் படிக்கும்வரை பக்கத்து மலாய்க் கிராமத்து வயல்களை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. நமக்கும் அவர்களைப் பற்றி ஒரு படம் இருக்கிறதே, அதுவும் துரை கொடுத்ததுதானே?

மெர்போக் வாசகன்:

இந்த இழையில் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் பற்றி யாராவது பேசியாக வேண்டும், நான் பேசுகிறேன்.

நாம் மலாயில் எழுதவில்லை என்று தம்பி வருத்தப்படுகிறார். மலாயில் நம்மைப் பற்றி எழுதினார்கள். எழுதிய அப்துல்லா ஹுசேன் நம் கெடா யானில் பிறந்தவர், தேசிய இலக்கியவாதி என்ற அரசு விருது பெற்றவர். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப்போகும் கதை. 1971இல் வந்த நாவல். 2011இல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வைத்தபோது இந்தியச் சமூகம் கொதித்தது. கடைசியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வெள்ளைக்காரன் பிரித்து வைத்ததைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய நாவல்தான் அது. அப்படியும் கப்பலேறி வந்த இந்தியர் எல்லாரையும் ஒரே சாதிக்குள் அடைத்தது. வந்தவர்களுக்குள் எத்தனை ஊர், எத்தனை மொழி, எத்தனை சாதி, எத்தனை சண்டை! எழுதியவர் அதை நம் மக்களிடம் கேட்டு எழுதவில்லை, காதில் விழுந்ததை வைத்து எழுதினார் என்றுதான் எனக்குப் படுகிறது. காலனி போன பிறகு எழுதிய நாவல் என்பதாலேயே அது நம் படத்தை உடைத்துவிடும் என்று சொல்ல முடியாது, டீச்சர்.

ஆனால் அந்தப் போராட்டத்தில் நானும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். மேடைகளில் எழுந்த கோபத்தில் ஒரு பகுதி, "எங்களைப் போய் அந்தச் சாதி என்று சொல்லிவிட்டார்களே" என்ற கோபம். அந்தச் சாதியில் பிறந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று நாம் வைத்திருந்ததை நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? துரை மேல் பழியைப் போடுவது எளிது, டீச்சர். இது நம் வீட்டு விவகாரம், இதை எழுதத்தான் தைரியம் வேண்டும்.

கிராணி மகன்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மெர்போக் அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நம் தோட்டக் கதைகளில் கிராணி வந்தால் அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம்: எடையில் திருடுவார், அல்லது ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுப்பார். அப்படிப்பட்ட கிராணிகள் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. கிள்ளான் தொழிலாளர்கள் துரைமாரை மட்டுமல்ல, இப்படிப்பட்ட அதிகாரிகளையும் எதிர்த்துத்தான் நின்றார்கள். ஆனால் துரை பங்களாவின் படிக்கட்டுக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு, தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் அப்பா நின்றதை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. லயத்துப் பிள்ளைகளோடு விளையாடினால் என் அம்மா அடிப்பார். துரை வீட்டுப் பக்கம் போனால் அப்பா அடிப்பார். நாங்கள் யாரோடு சேர்வது?

துரைக்கு எங்கள் மீது நம்பிக்கை கிடையாது, தொழிலாளிக்கும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மனிதரை நிற்க வைத்துத்தான் நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சில வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள். ஒரு படத்தை உடைக்கிறேன் என்று சொல்லி இன்னொரு படத்தை வரையக் கூடாது.

பால்மரத்தான்:

தம்பி, உங்கள் அப்பா படிக்கட்டுக்குக் கீழே நின்றார் என்கிறீர்கள், நம்புகிறேன். நாங்கள் உங்கள் அப்பாவின் மேசைக்குக் கீழே நின்றோம். பாலில் தண்ணீர் என்று சொல்லி அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போட்ட நாட்களை நான் மறக்க மாட்டேன். உங்கள் கதையை எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். எங்கள் கதையில் வருகிற கிராணியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

கிராணி மகன்:

மாற்றச் சொல்லவில்லை ஐயா. அவருக்கும் ஒரு வீடு இருந்தது என்று எழுதச் சொல்கிறேன்.

மூடா நதி:

இரண்டும் ஒரே நாவலில் இருக்க முடியும். பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவலை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? அதில் அப்பா பால்மரம் வெட்டுகிறவரும் இல்லை, கிராணியும் இல்லை. துணி வெளுக்கிறவர். பாட்டி பெரியதாய் மூன்று பிள்ளைகளோடு கப்பலேறி வந்து, உழைத்து, வீடு போட்டு, அந்த நிலத்துக்குப் பட்டா கிடைக்காமலேயே சாகிறார். அந்த நிலப் பசி அப்பாவுக்கு வருகிறது. இந்த மண்ணில் ஒரு துண்டாவது எனக்கு வேண்டும் என்ற வெறி கடைசியில் அவர் புத்தியையே கலைத்து, தான் கட்டிய வீட்டோடு எரிந்து போகிறார். மகன் ரவி ஆங்கிலப் பள்ளியில் படித்து இவர்களை விட்டு விலகிப் போகிறான், அந்த விலகலின் குற்ற உணர்ச்சி நாவல் முழுக்க ஓடுகிறது.

தமிழன் நாளையைப் பற்றி யோசிக்காதவன், பிழைக்க வந்தவன், ஒருநாள் போய்விடுவான் என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் நாளையைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை!

போரின்போது ஜப்பானியர் சயாமில் (தாய்லாந்தில்) போட்ட ரயில்பாதையையும் பாருங்கள். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்கள், இறந்த வெள்ளைக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அந்த ரயில்பாதையை உலகத்துக்கே தெரியவைத்த குவாய் நதிப் பால நாவலின் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஜப்பானிய அதிகாரியும். அதை எழுதிய பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழர்களை அவர் தினமும் பார்த்திருப்பார். அந்தச் சாவுகளைத் தமிழில் நாவலாக்க நம் அ. ரெங்கசாமி போன்றவர்கள் வரவேண்டியிருந்தது. குடிகாரன் என்று எழுதுவதாவது ஒரு பார்வை. இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவது எனக்கு அதைவிடக் கொடுமையாகப் படுகிறது.

பீடோங் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த சனிக்கிழமைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். 'சிதைவுகள்' நாவலில் உனோக்கா வரும் முதல் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு நகலெடுத்துக் கொடுக்கிறேன். அப்புறம் போன தடவை படித்த அதே மூன்றாவது கதையை மீண்டும் எடுத்து, ஒவ்வொருவரும் அந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும்: குடிக்காத நேரத்தில் அவர் என்ன செய்கிறார், துரையைப் பற்றி மனத்துக்குள் என்ன நினைக்கிறார், கள்ளுக்கடையைத் தாண்டிப் போன நாள் ஒன்று இருந்தால் அன்று என்ன நடந்தது. யாருக்காவது கிராணி பக்கம் எழுத விருப்பமிருந்தால் எழுதட்டும். லயத்துப் பிரிவினை பற்றி எழுத வருகிற பிள்ளையையும் நான் தடுக்க மாட்டேன்.

பால்மரத்தான் ஐயா, நீங்கள் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் பெரட்டு, நிரை, அரைப் பேர் எல்லாம் உங்களிடமே கேட்டுக்கொள்வார்கள். இவற்றை அறியாத தலைமுறை இது. இவர்கள் பிறந்ததே டவுன் வீடமைப்பில்தான்.

பால்மரத்தான்:

வருகிறேன் டீச்சர். கிராணி மகன் தம்பியையும் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் இருந்தால்தான் பிள்ளைகள் சரியாக எழுதுவார்கள்.

கிராணி மகன்:

வருகிறேன் ஐயா. அப்பாவின் பழைய செக்ரோல் ஒன்று வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். பெயர்கள் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில் இருக்கும்.

செம்பனைக்காடு:

பிள்ளைகள் எழுதும் பக்கங்களில் நல்லதாக ஐந்தாறு தேர்ந்து கொடுங்கள் டீச்சர், நான் மலாயில் மொழிபெயர்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர் யான்காரர், நிறைய வாசிப்பவர். மொழியை அவர் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடிக்கிற இடங்களை வெட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள், முழுதாகவே வேண்டும்.